முதலில் வந்தவருக்குத்தான் படுக்கையா?

கேள்வி: பாம்பனிலிருந்து ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் ஐசியு நிரம்பிவிடுகிறது. தொற்றுக் காலத்தில் ‘முதலில் வந்தவருக்கு முதலில்’ என்பது நியாயம்தானா?
– மீனவக் குடும்பத்து வாசகி, பாம்பன்

பதில்: நியாயம் போலத் தெரியும், அவ்வளவுதான். அரண்மனைப் பக்கம் குடியிருப்பவர் ஆட்டோவில் பத்து நிமிடத்தில் வந்துவிடுவார். கரையேறி, பாலம் தாண்டி வருபவர் எப்போதும் பின்னால்தான். நெருக்கடியில் பார்க்க வேண்டியது பிழைக்கும் வாய்ப்பு. நுரையீரல், இரத்தம் உறைதல், கல்லீரல், இரத்த ஓட்டம், மூளை, சிறுநீரகம் என ஆறுக்கும் தலா 0 முதல் 4 வரை மதிப்பெண் போடும் ‘சோஃபா’ (SOFA) முறை உண்டு. மொத்தம் 24, கூடக் கூட ஆபத்து. ஆனால் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. நாள்பட்ட சிறுநீரக நோயாளிக்கு, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் எப்போதுமே அதிகம். அதற்கும் மதிப்பெண் போட்டால் அவர் வீணாகப் பின்தள்ளப்படுவார். முடிவெடுப்பது சிகிச்சை தரும் டாக்டராக இல்லாமல் தனிக் குழுவாக இருக்கட்டும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்கட்டும். இருவர் சமமென்றால் சீட்டுக் குலுக்கலே மேல்; சிபாரிசை விட எவ்வளவோ சுத்தம்.

கட்டில் எண்ணிக்கையைக் கண்டு ஏமாற வேண்டாம்; ஆக்ஸிஜனும் நர்ஸும் இருந்தால்தான் கட்டிலுக்குப் பயன். பை வைத்த மாஸ்க்கில் நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் ஒருவருக்கு நாளுக்கு 14,400 லிட்டர், அதாவது இரண்டு பெரிய ‘டி டைப்’ சிலிண்டர். மூக்குக் குழாயில் வேகமாக ஆக்ஸிஜன் செலுத்தும் ‘ஹை ஃப்ளோ’ மெஷின் 60 லிட்டரில் முழு ஆக்ஸிஜனாக ஓடினால் பன்னிரண்டு! அந்த ஒரு மெஷின் ஆறு பேர் மூச்சைக் குடிக்கும். காற்றிலிருந்து ஆக்ஸிஜன் பிரிக்கும் பிளான்ட் இருந்தாலும், ஐப்பசிப் புயலில் கரண்ட் போனால் அது நின்றுவிடும். ஜெனரேட்டரும் நிரப்பிய சிலிண்டர் வரிசையும் தயாராக இருக்க வேண்டும். வென்டிலேட்டர் ஒன்றுக்கு ஒரு நர்ஸ் என்றால், மூன்று ஷிப்ட்டும் வார விடுப்பும் மற்ற லீவும் சேர்த்து ஏறக்குறைய ஐந்து பேர் வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு சிலிண்டர் வாங்கி வைக்கலாமா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: வழியில் தாக்குப்பிடிக்க மட்டும். 1,500 லிட்டர் ‘பி டைப்’ சிலிண்டர் 10 லிட்டர் ஓட்டத்தில் இரண்டரை மணி நேரம் வரும். சிலிண்டரின் பிரஷர் மீட்டரில் 150 காட்டினால் முழுசு, 75 என்றால் பாதி நேரம்தான். கொரோனா போன்ற நோயில் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் ஆக்ஸிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதுமே 108ஐக் கூப்பிடுங்கள். மூச்சு வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். அவசரத்தில் காலை வாருவது பெரும்பாலும் சிலிண்டர் அல்ல, காணாமல் போன வால்வு சாவியும் தேய்ந்த வாஷரும். இரண்டையும் சிலிண்டரிலேயே கட்டி வையுங்கள். வால்வில் எண்ணெய்க் கை படவே கூடாது, தீப்பிடிக்கும்.