வேதாகமத்துச் சீரியா எங்கே இருக்கிறது?

கேள்வி: ஈசாக்குக்குப் பெண் பார்க்கப் போன ஊழியக்காரன் மெசொப்பொத்தாமியாவுக்குப் போனதாக ஆதியாகமம் 24:10 சொல்கிறது. 25:20 இலோ அதே பெண்வீட்டாரைச் சீரியர் என்கிறது. எது சரி? (வாசகி, சுண்டுக்குளி)

பதில்: இரண்டும் ஒரே இடந்தான். 24:10 இன் எபிரேய மூலத்தில் இருப்பது 'அராம் நகராயிம்'. அராமின் இரண்டு ஆற்று நாடு என்று பொருள். (வழுக்கியாறு ஒன்றைத் தவிர ஆறு காணாத எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டாருக்கு இது பொறாமை தரும் பெயர்.) ஓர் ஆறு ஐபிராத்து (யூப்ரடீஸ்). மற்றது பாலிக் ஆறா, காபூர் ஆறா என்று அறிஞர்களிடையே இன்னும் இழுபறி. கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் இதை மெசொப்பொத்தாமியா ஆக்கினார்கள். வெறும் 'அராம்' வந்த இடங்களில் பெரும்பாலும் சீரியா என்று போட்டார்கள். எங்கள் பழைய தமிழ்ப் பதிப்பிலும் அந்த இரண்டு பெயர்களுமே வருகின்றன.

ஆகவே 'சீரியா' என்று கண்டவுடன் இன்றைய சிரியா வரைபடத்தை விரித்தால் வழி தவறும். முதலில் கூட வரும் பெயரைப் பாருங்கள். லாபான், பெத்துவேல், ஆரான், பதான் அராம் என்றால் ஐபிராத்துக்கு அப்பாலுள்ள வடபகுதி. ஆரான் இன்று துருக்கியில், ஷான்லிஊர்ஃபாவுக்குத் தெற்கே கிடக்கிறது. பெனாதாத், ஆசகேல், நாகமான், ரேத்சீன் என்றால் தமஸ்கு அரசு; கி.மு. 732 இல் அசீரியரிடம் விழுந்தது இதுதான். தாவீதோடு பொருதிய ஆதாதேசர் என்றால் சோபா. அதை லெபனானின் பெக்கா பள்ளத்தாக்குப் பக்கம் வைப்பார்கள். அராம் ஒருபோதும் ஒரே முடியின்கீழ் இருந்த நாடல்ல.

கேள்வி: அராமியர் எழுதிய கல்வெட்டில் தாவீதின் பெயர் இருக்கிறதாமே? (வாசகர், பருத்தித்துறை)

பதில்: இருக்கிறது. இஸ்ரேலின் வடகோடியில் தெல் தாண் என்ற மேட்டில், பின்னாளில் கட்டிய சுவரொன்றில் கல்லோடு கல்லாகச் செருகப்பட்டிருந்த கருங்கல் துண்டு 1993 இல் கிடைத்தது. 1994 இல் மேலும் இரண்டு. மொழி அராமேயம், காலம் கி.மு. 9ஆம் நூற்றாண்டு. சொல்லுக்குச் சொல் நடுவே புள்ளி வைத்த வெட்டாளர் 'பைத் தாவித்' (தாவீதின் வீடு, அதாவது தாவீதின் அரச வம்சம்) என்பதில் மட்டும் புள்ளி வைக்காமல் ஆறு எழுத்தையும் சேர்த்தே வெட்டியிருக்கிறார். அந்த ஒரு புள்ளி இல்லாததைப் பிடித்துக்கொண்டு, அது ஓர் ஊரின் பெயர் என்று சிலர் வாதாடினார்கள். முந்தின வரியில் 'இஸ்ரவேலின் ராஜா' என்று இருக்கும்போது அந்த வாதம் எடுபடவில்லை.

சிக்கல் வேறிடத்தில். இஸ்ரவேலின் ராஜா யோராமையும் யூதாவின் ராஜா அகசியாவையும் தானே கொன்றதாக அந்தக் கல்லில் ஓர் அரசன் சொல்கிறான்; பெரும்பாலோர் அவனை ஆசகேல் என்பர். 2 இராஜாக்கள் 9 இல் கொன்றவனோ யோராமின் படைத்தலைவன் யெகூ. ஆனால் கல்லில் அந்த இரு பெயர்களின் முன்பாதியும் உடைந்துபோயிற்று, '...ராம்', '...யாகு' என்ற வால்களை வைத்தே நிரப்பியிருக்கிறார்கள். வெற்றிக்கல் நாட்டும் அரசன் பிறர் செய்ததையும் தன் கணக்கில் போடுவது அக்காலத்தில் புதுமையல்ல.

கேள்வி: 'ஜெகர்சகதூதா' என்ன மொழி? (வாசகர், மானிப்பாய்)

பதில்: அராமேயம். ஆதியாகமம் 31:47 இல் லாபான் ஒரு கற்குவியலுக்கு இட்ட பெயர்; சாட்சிக் குவியல் என்று அர்த்தம். அதே கற்குவியலுக்கு அவன் மருமகன் யாக்கோபு இட்ட 'கலயெத்' எபிரேயம். மாமன் ஒரு மொழி, மருமகன் ஒரு மொழி.