பார்த்தும் பார்க்காத மாதிரிப் போகிறேனாம்

கேள்வி: எனக்கு வயது 36. தொடக்கப்பள்ளி ஆசிரியை. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் இடத்தை வைத்துப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிவிடுவேன். அதே பிள்ளை ஞாயிற்றுக்கிழமை சந்தையில் எதிரே வந்தால் யாரென்று தெரியாது. போன மாதம் பழநிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்த மாமியார் பேருந்து நிறுத்தத்தில் என் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். அவர் குரல் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. திமிர் பிடித்தவள் என்று சொந்தத்தில் பெயர் வாங்கிவிட்டேன். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். இது மறதி நோயா? மருந்து உண்டா? என் 8 வயது மகனும் இதேபோல் தடுமாறுகிறான்.

பதில்: மறதி இல்லை, திமிரும் இல்லை. மாமியாரின் குரல் கேட்டதும் அவர் யார், என்ன உறவு என்பதெல்லாம் உடனே வந்துவிட்டதல்லவா? நினைவு பத்திரமாகத்தான் இருக்கிறது. முகம் என்ற ஒரு வாசல் வழியாக மட்டும் உங்களால் அதற்குள் நுழைய முடியவில்லை. இதை முகமறியாமை என்கிறோம். மருத்துவத்தில் ப்ரோசோபக்னோசியா. போரில் தலையில் அடிபட்டவர்களைப் பார்த்த யோவாகிம் போடமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1947இல் வைத்த பெயர் இது. அடி எதுவும் படாமல் பிறவியிலேயே இப்படி இருப்பவர்கள் நூற்றுக்கு 2 பேர் வரை இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அளவுகோலைக் கறாராக வைத்தால் எண்ணிக்கை குறையும். எப்படியும் உங்கள் பள்ளியிலேயே இன்னும் சிலர் இருக்க வாய்ப்புண்டு.

மாமியார் விஷயத்துக்கு வருவோம். அவரை இத்தனை நாள் நீங்கள் அடையாளம் கண்டது பெரும்பாலும் கொண்டையை வைத்துத்தான் என்று நினைக்கிறேன். கொண்டை போனதும் ஆள் மாறிவிட்டார். மற்றவர்களுக்கு அப்படி ஆகாது. அவர்களுடைய மூளை கண், மூக்கு, வாய் என்று தனித்தனியாகப் பார்ப்பதில்லை. அவற்றுக்கு இடையிலான தூரத்தையும் சேர்த்து, முகத்தை ஒரே வார்ப்பாக எடுத்துக்கொள்கிறது. நேராக இருக்கும் முகத்தில்தான் இந்த வித்தை நன்றாகப் பலிக்கும். செய்தித்தாளில் வந்த ஒரு தலைவரின் படத்தைத் தலைகீழாகப் பிடித்து வீட்டில் காட்டிப் பாருங்கள், எல்லாருமே கொஞ்சம் தடுமாறுவார்கள். 1980இல் பீட்டர் தாம்சன் என்பவர் பிரிட்டனின் அன்றைய பிரதமர் மார்கரெட் தாட்சரின் படத்தில் கண்களையும் வாயையும் மட்டும் கவிழ்த்து ஒட்டினார். படத்தைத் தலைகீழாகப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. நிமிர்த்தினால் கோரமாக இருக்கும்.

இந்த வேலையைச் செய்யும் பகுதிகள் மூளையின் பின்புறத்திலும் அடிப்புறத்திலும், முக்கியமாக வலது பக்கத்தில், இருக்கின்றன. முகத்தைப் பார்க்கும்போது குறிப்பாகத் துடிக்கும் ஓர் இடத்தை நான்சி கான்விஷரும் சக ஆய்வாளர்களும் 1997இல் காட்டினார்கள். முகபாவத்தைப் படிப்பதற்குப் பெருமளவு வேறு பகுதிகள் உண்டு. அதனால்தான் எதிரே நிற்கும் பிள்ளை அழப்போகிறது என்று உங்களுக்குத் தெரிகிறது, எந்தப் பிள்ளை என்பது தெரிவதில்லை.

எனக்கு மிகப் பிடித்த ஆதாரம் ஓர் ஆட்டுக்காரர். பக்கவாதத்துக்குப் பிறகு மனித முகங்கள் அவருக்குப் பிடிபடாமல் போயின. அதன் பின்னால் ஆடு வளர்க்கத் தொடங்கி, மந்தையில் எது எது என்று ஆட்டின் முகத்தைப் பார்த்தே சொல்லக் கற்றுக்கொண்டார். 1993இல் இது ஆய்வாக வெளிவந்தது. கண்ணும் கவனமும் சரியாக இருந்தும் மனித முகம் மட்டும் விலகி நிற்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

மருந்து இல்லை. பயிற்சியால் சிலருக்குக் கொஞ்சம் முன்னேற்றம் வருகிறது, பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். உறுதிசெய்ய விரும்பினால் நரம்பியல் மருத்துவரையோ நரம்பு உளவியலாளரையோ பாருங்கள். முடியை மறைத்துவிட்டு முகத்தை மட்டும் காட்டும் சோதனைகள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: நேற்றுவரை தெரிந்த முகங்கள் இன்று திடீரென்று தெரியவில்லை என்றால் அது பிறவிக் குறை அல்ல, பக்கவாதமாக இருக்கலாம். ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மற்றபடி, குரல், நடை, நிற்கும் தோரணை என்று நீங்கள் ஏற்கெனவே செய்துவருவதையே தெரிந்து செய்யுங்கள். கல்யாண வீடுதான் பெரிய சோதனை. எல்லாரும் பட்டுப்புடவை, எல்லார் தலையிலும் மல்லிகைப்பூ. நல்லவேளை, நம் ஊரில் பெயர் சொல்லாமலே பேச்சை ஓட்டலாம். “வாங்க, எப்ப வந்தீங்க, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” என்று கேட்டுவிட்டு அவர்களைப் பேசவிடுங்கள். இரண்டு நிமிடத்தில் குரலோ, பேச்சில் வரும் ஊர்ப்பெயரோ காட்டிக்கொடுத்துவிடும். “நான் யாருன்னு சொல்லு பார்க்கலாம்” என்று வழிமறிக்கும் பெரியம்மாக்களிடம் மட்டும் இது பலிக்காது. அவர்களிடம், “எனக்கு முகம் பிடிபடாது பெரியம்மா, பிறவியிலேயே அப்படி, நீங்களே சொல்லிடுங்க” என்று நேராகச் சொல்லிவிடுவதே நல்லது. ஆலிவர் சாக்ஸ் என்ற புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவருக்கும் இது இருந்தது. எதிரே வந்த தாடிக்காரர்மேல் மோதப் பார்த்து மன்னிப்புக் கேட்டு, அப்புறம்தான் அது கண்ணாடியில் தெரிந்த தன் உருவம்தான் என்று கண்டதாக அவரே எழுதியிருக்கிறார். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள், கோபம் கொஞ்சம் தணியலாம்.

மகனுக்கும் இருக்கலாம். இது குடும்பத்தில் தொடர்வது உண்டு. சினிமாவில் கதாநாயகன் சட்டை மாற்றியதும் “இது யாரு?” என்று கேட்கிறானா, “யார் ஜாடை?” என்று பேசும்போது விழிக்கிறானா, கவனியுங்கள். ஆளைக் காட்டிப் பெயர் கேட்டுச் சோதிக்காதீர்கள். வகுப்பாசிரியரிடம் சொல்லிவையுங்கள். பள்ளி விட்டதும் தினமும் ஒரே இடத்தில் நின்று கூப்பிடுங்கள். வேறு யாராவது அழைத்துவரப் போனால் சொல்வதற்கு, வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சொல் இருக்கட்டும். அப்பா மீசையை எடுப்பதென்றால் பிள்ளையின் எதிரிலேயே எடுக்கட்டும்.