கூண்டுக்கு வராத முகம்

அன்புள்ள அண்ணன்,

மாட்டுக் கள்ளர் பற்றிய உங்கள் சிறுகதையை வாசித்தேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மாட்டுப் பட்டி காத்த பெரியவரை அடித்துக் கொல்கிறார்கள். பொலிஸாருக்கு ஆள் அகப்படவில்லை. முகத்தைத் துணியால் மூடிய ஒருவன், அடுத்த களவின்போது கள்ளனைப் பிடித்து மருத மரத்தில் கட்டி, கொலையை அவன் வாயாலேயே சொல்ல வைத்து, போனில் பதிந்து அரச சட்டத்தரணிக்கு அனுப்புகிறான். அவளோ கடைசியில் அவன்மீதே வழக்குப் போடச் சொல்கிறாள்! வழக்குகள் தவணை தவணையாக இழுபடும் ஊரில் இப்படி ஒருவன் வரமாட்டானா என்று ஏங்குகிறோம். உங்களுக்கு அவன்மேல் ஏன் இத்தனை கோபம்? அவளுக்கு அவன்மேல் உள்ளூர விருப்பமா? அத்தோடு ஒன்று, இப்போது மண்முனையில் ஏது பாதை, வாவியைக் கடக்க ஏறும் அந்த மிதவை?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கோபம் இருக்கிறதுதான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தச் சட்டத்தரணியின் நிலையைப் பாருங்கள்.

அந்தப் பதிவை அவள் உடனே அழித்துவிடவில்லை. இரவு முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. பொலிஸ் உத்தியோகத்தரிடம் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், கொடுக்கும் குற்ற ஒப்புதலை அவருக்கு எதிராகப் பாவிக்கக் கூடாது என்கிறது 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. (பயங்கரவாதத் தடைச் சட்டம் அதில் போட்ட ஓட்டை வேறு கதை. அதற்குள் விழுந்தவர்களின் வீடுகள் உங்கள் ஊரிலும் இருக்கும்.) பொலிஸ் அல்லாத ஒருவரிடம் சொன்னதை அந்தப் பிரிவு தடுப்பதில்லை. ஆக, பொலிஸார் வாங்கியிருந்தால் குப்பைக்குப் போயிருக்கும் வாக்குமூலம், இவன் வாங்கியதால் மேல் நீதிமன்றம் வரைக்கும் வரலாம். வழக்குத் தொடுநர் ஒருவருக்கு நாவூறாதா?

சரி, அதை யார் முன்வைப்பது? ஒலிப்பதிவைச் சான்றாகக் கொண்டுவருவதானால், 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டப்படி, வழக்கு விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன்பே மறுதரப்புக்கு அறிவிக்க வேண்டும். பதிந்த கருவியைப் பார்க்கவும் அவர்கள் கேட்கலாம். போன் யாருடையது? பதியும்போது கள்ளனின் கை கட்டியிருந்ததா, கன்னம் வீங்கியிருந்ததா? பதில் சொல்ல அவன் துணியை அவிழ்த்துவிட்டுக் கூண்டில் ஏற வேண்டும். ஏறினால், அடித்ததற்காக அடுத்த வழக்கில் அவனே எதிரி. ஏறாவிட்டால் அவள் கையில் இருப்பது வெறும் சத்தம். கொலைக்கு நம் நாட்டில் மரண தண்டனை. 1976க்குப் பிறகு யாரையும் தூக்கில் போடவில்லை என்றாலும் தீர்ப்பு அதுதான். குறுக்கு விசாரணைக்கு வராத ஒருவனை நம்பி அதைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

கள்ளனைப் பிடிப்பது குற்றமில்லை, தம்பி. பிடியாணையில்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்தைக் கண்முன்னே செய்பவனை யாரும் பிடிக்கலாம், சுணங்காமல் ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான். 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35ஆம் பிரிவு அது. மரத்தில் கட்டியதோடு பொலிஸைக் கூப்பிட்டிருந்தால் அவள் அவனுக்குக் கை கொடுத்திருப்பாள். அதற்குப் பிறகு நடந்த அடிக்குத்தான் துணி தேவைப்பட்டது. பழிவாங்குவார்கள் என்ற பயமும் இருந்திருக்கும், மறுக்கவில்லை. சாட்சிகளைப் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டம் வந்தது, 2023இல் அதன் இடத்துக்கு இன்னொன்று வந்தது. ஆனாலும் சந்தியில் கடை வைத்திருப்பவர் சாட்சிக்கு வரத் தயங்குகிறார். அது அவளுக்கும் தெரியும். அவனை முழுதாக வெறுக்க முடியாமல் அவள் தவிப்பது அதனால்தான்.

இனி என் கோபம். நீங்கள் இளம் ஆள் என்று நினைக்கிறேன். உங்களுக்கு முகமூடி என்றால் காமிக்ஸ் வீரன். எங்கள் வயதுக்காரருக்குத் தலையாட்டி, முகத்தை மூடிக்கொண்டு தலையசைத்து ஆளைக் காட்டிக்கொடுப்பவன். 1990 செப்டம்பர் 5, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சமடைந்திருந்த சனத்தை இராணுவம் வரிசையில் நடக்கவிட்டது. முகம் மூடியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 158 பேரைப் பிரித்துக் கொண்டுபோனார்கள். யாரும் திரும்பி வரவில்லை. ஒரு தலை அசைந்தால் போதும். அசைந்தது யாருடைய தலை, என்ன கோபத்தில் அசைந்தது, காணிச் சண்டையா, பழைய கடனா, கேட்க வழியில்லை.

2011 ஓகஸ்டில், உடம்பில் கிரீஸ் பூசிய மர்ம மனிதன், கிரீஸ் பூதம், வந்ததாகச் சொன்ன நாட்கள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஊர் ஊராகப் பொடியன்கள் பொல்லும் டோர்ச்சுமாகக் கண்விழித்தார்கள். எங்கள் ஒழுங்கையில் நானும் நின்றேன். மூன்றாம் இரவு ஒருவனைப் பிடித்தோம். தங்கை வீட்டுக்குப் பிந்தி வந்த ஆள். பெயரைச் சொல்ல அவன் வாயைத் திறக்குமுன் இரண்டு அடி விழுந்துவிட்டது. முதல் அடி என்னுடையது இல்லை என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். இருட்டில் யாருக்குத் தெரியும்?

விருப்பம் பற்றிக் கேட்டீர்கள். அப்படி எண்ணி எழுதவில்லை. ஆனால் மாட்டின் குறியை அவன் விவரிக்கும் இடத்தில், இவனுக்கு மாட்டில் சுடும் குடிக்குறி வாசிக்கத் தெரிகிறதே, பட்டிக்காரர் வீட்டுப் பிள்ளையாக இருக்குமோ என்று அவள் நினைக்கிறாள். செத்த பெரியவரின் மகனாக இருந்தால்? அந்த எண்ணம் வந்ததும் போனை மூடி வைக்கிறாள். அதை விருப்பம் என்றால் விருப்பம்தான்.

மண்முனைப் பாதை என் பிழை. பாலம் 2014இல் திறந்தாயிற்று, கதை அதற்குப் பிறகு நடக்கிறது. சின்ன வயதில் ஏறிப் போன பாதை கைப்பழக்கத்தில் வந்துவிட்டது. திருத்த உட்கார்ந்தேன், முடியவில்லை. பாதை வரும்வரை கரையில் நின்ற நேரத்தில்தான் அவள் அவனுக்கு எதிராக முடிவெடுக்கிறாள். பாலத்தில் வாகனம் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும். அவளை வேறு எங்கே காக்க வைப்பது? அந்தப் பக்கத்து ஆள் நீங்கள், ஏதும் இடம் தோன்றினால் எழுதுங்கள்.