அந்த அம்மா செத்ததுக்கு ஏன் யாரும் அழல?

வாசகர் கேள்வி - பதில்

போன இதழ்ல சிறுகதைப் போட்டி அறிவிச்சதுதான் அறிவிச்சோம், இந்த மாசம் வந்த லெட்டர்ல முக்கால்வாசி கதை எழுதறவங்க லெட்டர். பட்டா மாறுதல், முடி கொட்டறது, மாமியார் மருமகள் எல்லாம் அடுத்த மாசம் பாத்துக்கலாம், கோவிச்சுக்காதீங்க. இந்த தடவை முழுக்க கதைதான்.

கேள்வி: சார், நான் காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். புளி தட்டற வேலைக்குப் போய் மகளைப் படிக்க வைக்கிற ஒரு அம்மாவைப் பத்தி கதை எழுதினேன், கடைசில அவங்க கேன்சர் வந்து செத்துருவாங்க. டைப் பண்றப்ப நானே அழுதேன். ஆனா படிச்ச பத்து பேரும் "சூப்பர், நல்லாருக்கு"ன்னு சொல்லிட்டுப் போய்ட்டாங்க. ஒருத்தர்கூட ஃபீல் பண்ணல. எங்க தப்பு? (பாலக்கோடு வாசகி)

பதில்: ஏன்மா, நம்ம பக்கம் ஒரு சாவு வீட்டுல போய் கொஞ்ச நேரம் உக்காந்து பாரு. மாலை போட வந்தவங்க பாதிப் பேரு பொணத்தைப் பாத்து அழமாட்டாங்க, ஒரு ஓரமா நின்னு செல்போன் பாத்துட்டு இருப்பாங்க. அப்ப ஒப்பாரி வைக்கிற கிழவி ஒருத்தி "நேத்து ராத்திரி ஊற வெச்ச அரிசி அப்படியே கெடக்குதே, யாரு வந்து ஆட்டுவா"ன்னு ஒரு வரி போடுவா பாரு, அவ்ளோதான், செல்போன் பாத்துட்டு இருந்தவனும் துண்டை எடுத்து மூஞ்சியை மூடிக்குவான். சாவுக்கு வராத அழுகை ஊற வெச்ச அரிசிக்கு வருது. உனக்கு அழுகை வந்ததுக்குக் காரணம் உன் மனசுக்குள்ள ஒரு முழு அம்மா இருந்தாங்க, அவங்க குரல், அவங்க சீலை வாசம் எல்லாம் உனக்குத் தெரியும், பேப்பர்ல வந்ததோ வெறும் "கஷ்டப்பட்டு உழைச்சாங்க"ங்கற ரெண்டு வார்த்தை, படிக்கறவன் அதை வெச்சு யாருக்குன்னு அழுவான்?

தொல்காப்பியத்துல மெய்ப்பாட்டியல்னு ஒரு பகுதி இருக்கு, தமிழ் வாத்தியாரா 31 வருஷம் நடத்தினவன், அதைச் சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. அழுகை எதனால வரும்னு அதுல நாலு காரணம் சொல்லிருக்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழவுன்னா பறிகொடுக்கறது. அசைவுன்னா நல்லா இருந்தவங்க பழைய நிலைமை கெட்டு இறங்கிப் போறது. வறுமை தெரிஞ்சதுதான். எழுதறவங்க எல்லாரும் இழவையும் வறுமையையும் தூக்கிட்டு ஓடறோம், நீயும் அதான் பண்ணிருக்க. ஆனா அந்த வரிசையில முதல்ல நிக்கறது இளிவு, அதாவது நாலு பேர் நடுவுல கூசிப் போறது. எல்லாருக்கும் கேன்சர் வர்றதில்ல, ஆனா கூசிப் போகாத மனுஷன் உண்டா?

உன் கதையிலேயே அது ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு, நீதான் பாக்கல. மகளோட ஏதோ ஒரு ஃபார்முக்கு அம்மா போட்டோ வேணும்னு ஸ்டுடியோவுக்குப் போறாங்கன்னு ஒரே ஒரு வரி எழுதிட்டு தாண்டிட்ட. அங்க நில்லு. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் நெலத்தடி தண்ணியில ஃப்ளோரைடு ஜாஸ்தி, 2013ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வர்ற வரைக்கும் ஊர் ஊரா போர் தண்ணியைக் குடிச்சே வளந்தவங்க நாம, சின்ன வயசுல பல்லு ஈறுக்குள்ள இருக்கறப்பவே ஏறின கறை அது, என்ன பேஸ்ட் போட்டுத் தேய்ச்சாலும் போகாது. உன் அம்மா கேரக்டருக்கு அந்தக் கறை உண்டுன்னு வெச்சுக்க. சிரிக்கிறப்ப எல்லாம் முந்தானையோ கையோ தானா வாய்க்கு வந்துரும், வீட்டுல யாரும் அதைக் கவனிச்சதுகூட இல்ல. ஸ்டுடியோக்காரர் "கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருங்கம்மா"ங்கறாரு. கை மேல வருது. "கைய எடுங்கம்மா." கை கீழ போகுது, அவர் பட்டனை அழுத்தப் போறப்ப மறுபடி வருது. மூணாவது தடவை அவர் சலிச்சுக்கறாரு. பின்னாடி பெஞ்சுல உக்காந்திருக்கற மக அதுவரைக்கும் சும்மா இருந்தவ "அண்ணா, சிரிக்காமயே எடுங்கண்ணா, ஒண்ணும் பிரச்னை இல்ல"ங்கறா. அம்மா திரும்பி மகளைப் பாக்கறாங்க. அவ்ளோதான் சீன். கறையைப் பத்தி நீ ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாத, "அவள் மனம் வலித்தது"ன்னும் எழுதாத.

இன்னொண்ணு, உன் கதையில அந்த அம்மாவுக்குன்னு ஒரு ஆசையும் இல்ல. மக படிக்கணும், மக நல்லாருக்கணும், அது மகளோட கணக்கு. காலைலேர்ந்து உக்காந்து புளி தட்டி ஓடு எடுத்து கொட்டை நீக்கி கிலோ கணக்குல கூலி வாங்கறவங்க, வெடிச்ச விரல்ல புளி ஏறி எரியறதால ராத்திரி ஸ்பூன்ல சோறு திங்கறவங்க, அவங்களுக்குன்னு ஒண்ணு வேணுமே. ஒகேனக்கல் இதோ இருக்கு, வாழ்க்கையில ஒரு தடவை பரிசல் ஏறினதில்லன்னு வை. அதையும் அவங்க வாய்விட்டுச் சொல்லக்கூடாது. மக காலேஜ்ல டூர் போய்ட்டு வந்து ஈரத் துணியைக் காயப்போடறப்ப, "பரிசல்ல உக்காந்தா தண்ணி கால்ல படுமா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேக்கட்டும். அப்புறம் அந்த அம்மாவைக் கொல்லணுமா வேணாமான்னு நீயே யோசிப்ப.

கேள்வி: ஒவ்வொரு கேரக்டருக்கும் நூறு கேள்வி போட்டு பதில் எழுதி வெச்சுக்கணும்னு ஒரு வீடியோல சொன்னாங்க. பிடிச்ச கலர், உயரம், ராசி எல்லாம். மூணு மாசமா எழுதறேன், கதை இன்னும் ஆரம்பிக்கல. (ஓசூர் சிப்காட் பக்கத்துலேர்ந்து)

பதில்: மூணு மாசமா ஜாதகம் எழுதிருக்கீங்க, கல்யாண புரோக்கர்கிட்ட குடுத்தா உபயோகமா இருக்கும். ராசி தெரிஞ்சு படிக்கறவனுக்கு என்ன ஆகப்போகுது? ரெண்டு விஷயம் தெரிஞ்சா உடனே ஆரம்பிச்சுருங்க. இன்னைக்கு ராத்திரிக்குள்ள அந்த ஆளுக்கு என்ன வேணும், எது வெளில தெரிஞ்சா அவன் தலை குனிவான். நைட் ஷிப்ட் முடிச்சு கம்பெனி பஸ்ல வர்றவன், வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க, வீட்டுல சொல்லல, தினம் அதே டிபன் பாக்ஸை எடுத்துட்டு கிளம்பறான்னு வெச்சா அந்த டிபன் பாக்ஸை எங்க உக்காந்து தொறக்கறாங்கறதுலயே கதை ஓடிரும்.

கேள்வி: என் கதையோட ஹீரோ ரொம்ப நல்லவர். எல்லாருக்கும் உதவி பண்ணுவார். ஆனா போரடிக்குதுன்னு சொல்றாங்க. நல்லவனை எழுதவே கூடாதா? (தர்மபுரி)

பதில்: தகடூர்க்காரர், அதாவது அதியமான் ஆண்ட ஊர்க்காரர், கேக்கற கேள்வியா இது! அதியமான்கோட்டை வழியா எத்தனை தடவை பஸ்ல போயிருப்பீங்க. அதியமான்னா உடனே நெல்லிக்கனி, வள்ளல், முடிஞ்சுது. ஆனா ஔவையார் அதை எப்படிச் சொல்றாங்கன்னு புறநானூறை எடுத்துப் பாருங்க. பெரிய மலைப் பிளவுல கஷ்டப்பட்டுப் பறிச்ச பழம், தின்னா சாவு தள்ளிப் போகும், அந்த விஷயத்தை வாயே தொறக்காம உள்ள அடக்கிக்கிட்டு எனக்குக் குடுத்துட்டியேங்கறாங்க. குடுத்தது பெருசுதான், நம்மளை அசைக்கறது சொல்லாம குடுத்தது. "இது அபூர்வமான பழம்மா, நான் திங்க வேண்டியது, பரவால்ல நீ தின்னு"ன்னு அவன் ஒரு டயலாக் பேசிருந்தா ரெண்டாயிரம் வருஷம் தாங்கிருக்குமா சொல்லுங்க.

அவன் செத்த பின்னாடி அவங்க பாடினது இன்னும் ஒரு படி மேல. கொஞ்சமா கள்ளு கிடைச்சா எங்களுக்கே குடுத்துருவான், நெறைய கிடைச்சா நாங்க பாட தானும் சேந்து குடிப்பான், வாசனை வீசற தன் கையால புலால் நாறும் என் தலையைத் தடவுவான், அப்படின்னு போகுது. ராஜாவுக்குப் பாடற இரங்கல்ல யானை தேர்னு எதுவும் இல்லாம கள்ளுப் பங்கும் நாத்தம் புடிச்ச தலையும் வந்து நிக்குது. எத்தனையோ வருஷம் க்ளாஸ்ல நடத்திருக்கேன், அந்தத் தலை தடவற இடத்துல பின் பெஞ்சுப் பசங்ககூட கம்முனு ஆயிருவாங்க.

உங்க ஹீரோ ஊருக்கெல்லாம் ஜாமீன் கையெழுத்து போடறாருன்னு எழுதிருக்கீங்க, சரி, அவர் வீட்டுக்காரம்மா அதைப் பத்தி என்ன சொல்றாங்க? கதை முழுக்க அவங்க காபி மட்டும் போட்டுக்கிட்டு இருக்காங்க. பேங்க்லேர்ந்து நோட்டீஸ் வர்ற அன்னைக்கு அவங்களைப் பேச விடுங்க, அவர் பதில் தெரியாம செருப்பு மாட்டிக்கிட்டு வெளில போகட்டும்.

கேள்வி: என் கதை வில்லன் ஒரு மண்டிக்காரர். அட்டைப் பொம்மை மாதிரி இருக்காருன்னு ஃப்ரெண்ட் சொல்றான். கெட்டவனுக்கு எதுக்கு சார் ஃபீலிங்? (காவேரிப்பட்டணம்)

பதில்: இந்தத் தப்பை நானே பண்ணி வாங்கிக் கட்டிக்கிட்டவன். ரொம்ப வருஷம் முன்னாடி மாங்கா மண்டிக்காரர் ஒருத்தரை வில்லனா வெச்சு எழுதினேன், தொப்பை, தங்கச் சங்கிலி, வெத்தலை எச்சில், எல்லா அயிட்டமும் உண்டு. அதைப் படிச்சுட்டு அந்தத் தொழில்ல இருக்கற ஒருத்தர் டீக்கடையில புடிச்சுக்கிட்டாரு. "சார், தொப்பை கிடக்கட்டும், சீசன்ல ராத்திரி நான் வீட்டுக்குப் போகாம மண்டி பின்ரூம்ல படுத்துக்கறேனே, அது ஏன்னு கேட்டீங்களா?" கேட்டேன். பெங்களூரா ரக மாங்கா லோடு டிராக்டர் டிராக்டரா வந்து வாசல்ல நிக்குது, கூழ் ஃபேக்டரிக்காரன் விலை சொல்ல மாட்டேங்கறான், மாங்கா நாளுக்கு நாள் பழுத்துக்கிட்டே போகுது, வெவசாயிக்குக் குடுத்த அட்வான்ஸோ இவர் வட்டிக்கு வாங்கினது. வீட்டு வாசல்லயும் ஆள் நிப்பாங்கன்னு பின்ரூம்ல லைட்டை அணைச்சுட்டுப் படுத்துக்குவாராம், மறுநாள் காலைல எழுந்து வந்து அதே வெவசாயிகிட்ட எடையில கறாரா கழிவும் எடுப்பாராம். அதுக்காக அவர் பண்றது நியாயம்னு நான் சொல்ல வரல, கழிவு எடுத்தா எடுத்ததுதான், எனக்கு அதுல கோபம் இன்னைக்கும் உண்டு. ஆனா லைட் அணைச்ச அந்த ரூமை என்னால மறக்க முடியல, தொப்பையும் சங்கிலியும் எனக்கே மறந்து போச்சு.

எங்க ஊர்ல திரௌபதியம்மன் திருவிழா, பதினெட்டாம் நாள் படுகளம். துரியோதனனைப் பெருசா மண்ணால படுக்க வெச்சு செஞ்சிருப்பாங்க, கூத்துல பீமன் வந்து தொடையில அடிப்பாரு, திரௌபதி கூந்தல் முடிப்பா, ஊரே ஆர்ப்பாட்டம் பண்ணும். ராத்திரி பூரா துரியோதனனைத் திட்டிக்கிட்டு இருந்த ஒரு பாட்டி, அந்த நேரத்துல பக்கத்துல இருந்த எங்கம்மாகிட்ட மெதுவா சொல்லுச்சு: "பெத்தவ எங்க நின்னு பாக்கறாளோ." எனக்கு அப்ப பத்து வயசு இருக்கும்.

கேள்வி: எங்க வீட்டுல தெலுங்கு, சந்தையில கன்னடம், ஸ்கூல்ல தமிழ். கதையை எந்தத் தமிழ்ல எழுதறது? (தேன்கனிக்கோட்டை)

பதில்: கதை சொல்றதை உங்களுக்கு வசதியான தமிழ்லயே சொல்லுங்க. ஆனா இந்த மூணு பாஷை உங்களுக்குக் கிடைச்ச சொத்து, அதை மசாலா மாதிரி வரிக்கு வரி தூவாதீங்க, கேரக்டர் எந்த நேரத்துல எந்த பாஷைக்குத் தாவறான்னு மட்டும் பாருங்க. ஆபீஸ் ஆளுங்க முன்னாடி "எங்க அப்பா"ன்னு ஸ்டைலா சொல்றவன், வீட்டுல "நைனா"ன்னு கூப்பிடறவன், ஒருநாள் ஆஸ்பத்திரி வராண்டாவுல ஆபீசே சுத்தி நிக்கறப்ப "நைனா"ன்னு கத்திட்டான்னு வைங்க. அந்த ஒரு சொல்லுக்கு அடைப்புக்குறிக்குள்ள அர்த்தம் போட்டீங்கன்னா நான் மார்க் குறைச்சிருவேன்.

கேள்வி: நீங்க எழுதின கதையைப் படிச்சு நீங்களே அழுததுண்டா? (மொரப்பூர்)

பதில்: உண்டு, அச்சுல வந்தப்ப கடைசி பத்தியைக் காணோம்.

கேள்வி: எங்க மாமா பரிசல் ஓட்டறவர். அவரை வெச்சு கதை எழுதினேன், குடிப்பார்னும் எழுதிட்டேன். படிச்சுட்டு ரெண்டு மாசமா பேச மாட்டேங்கறார். நெசமான ஆளை எழுதினா இப்படித்தான் ஆகுமா? (பென்னாகரம்)

பதில்: குடிச்சதைப் பத்தி எழுதினதாலதான் கோபம்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. ஆத்துல தண்ணி ஜாஸ்தியாகி பரிசல் ஓட்டக் கூடாதுன்னு நிறுத்தி வெச்சிருக்கற ஒரு நாள் பாத்துப் போங்க, அன்னைக்கு வேலை இருக்காது, கரையில உக்காந்திருப்பாரு. பக்கத்துல உக்காந்து "மாமா, எந்த வரி?"ன்னு கேளுங்க. பரிசல் ஒருதடவை சுழல்ல மாட்டினப்ப அவர் பயந்துட்டார்னு எழுதிருக்கீங்களே, எனக்கு அந்த வரி மேலதான் சந்தேகம்.

எங்க பெரியம்மாவை வெச்சு ஒருதடவை எழுதினேன். கொழுந்தியாகூட பதினோரு வருஷம் பேசாம இருந்தது, நகைச் சண்டை, எல்லாத்தையும் போட்டு உடைச்சிருந்தேன். பயந்துகிட்டேதான் பத்திரிகையைக் குடுத்தேன். கண்ணாடி போட்டுக்கிட்டு முழுசா படிச்சாங்க. அப்புறம் ஆறு மாசம் மூஞ்சியைக் குடுத்துப் பேசல. கடைசில எங்கம்மா மூலமாத்தான் விஷயம் வெளில வந்துச்சு, கதையில ஒரு இடத்துல "பெரியம்மா வெச்ச குழம்பில் உப்பு குறைவாக இருந்தது"ன்னு சும்மா போற போக்குல எழுதிருந்தேன், அதுக்குத்தான். நான் போய் மன்னிப்பு கேட்டுட்டு வந்த மறுநாள் ஒரு தூக்கு நெறைய கறிக்குழம்பு வந்துச்சு. உப்பு கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு, நான் ஒண்ணும் சொல்லல.