வீட்டுக்கல்வியும் தனிமையும்: ஒரு கடிதம், ஒரு பதில்

அன்புள்ள அக்காவுக்கு,

உச்சிப்புளிக்குப் பக்கத்து ஊர் நான். பெயர் போட வேண்டாம். வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார். முன்பு திருப்பூரில் இருந்தோம். போன வருஷம் பையன் மூன்றாம் வகுப்பு முடித்ததும் அங்கே பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு ஊருக்கே வந்துவிட்டேன். தினமும் காலையில் வயிறு வலிக்குது என்று அழுவான். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். ஒருநாள் அவனுடைய நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்க “நான் முட்டாள்” என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். அவனாக எழுதியதா, யாராவது எழுதச் சொன்னதா என்று இன்றுவரை சொல்லவில்லை.

உங்கள் மகளை வீட்டில் வைத்துப் படிப்பித்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது. காலை ஒன்பதரை முதல் ஒரு மணி வரை டைம்டேபிள் போட்டேன். பத்து நாள் நடந்தது. இப்போது தினமும் பதினோரு மணிக்கெல்லாம் நான் கத்தி, அவன் அழுது, பிறகு நானும் அழுது முடிகிறது. “பெத்தவளே புள்ளையக் கெடுக்குறா” என்கிறார் மாமியார். குழாயடிக்குப் போனால், “பையன் ஸ்கூலுக்குப் போகலையா?” என்று கேட்கிறார்கள். கேஸ் ஆகுமா, பத்தாம் வகுப்புக்கு என்ன செய்வது என்று நினைத்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை. அப்துல் கலாம் ஐயாவே ராமேஸ்வரம் கடற்கரையில் படித்தவர்தானே என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன். அக்கா, நான் தோற்றுவிட்டேனா? உங்களுக்கு எப்போதாவது வருத்தம் வந்ததுண்டா?

— ஒரு தாய்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் வருகிற மனிதர்களை எண்ணிப் பார்த்தேன். மாமியார், குழாயடியில் கேட்பவர்கள், ஒரு டாக்டர். உங்கள் பக்கம் நிற்கிற ஒருவர்கூட அதில் இல்லை. வீட்டுக்காரர் கடல் தாண்டி இருக்கிறார். நாள் முழுக்க நீங்களும் ஒன்பது வயதுப் பையனும் மட்டும் ஒரு வீட்டுக்குள். அதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும்.

அதற்கு முன், தூக்கத்தைக் கெடுக்கிற விஷயங்களை முடித்துவிடுகிறேன். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. வீட்டுக்கல்வி என்று தனியாக ஒரு சொல்லும் அதில் இல்லை. பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க யாராவது வந்தால் கதவைச் சாத்தாதீர்கள். உட்கார வைத்து, பையனின் நோட்டுகளைக் காட்டுங்கள். அவர்கள் தேடி வருவது செங்கல் சூளைக்கும் மீன் கம்பெனிக்கும் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளை. அந்த வேலை நடக்க வேண்டும்.

அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு உங்களுக்கு இன்னும் முக்கியம். இடையில் பள்ளிக்குப் போகாத பிள்ளை எப்போது வந்தாலும் அவன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது அது. பத்து வயதில் போனாலும் பதிமூன்றில் போனாலும் ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கச் சொல்ல முடியாது. நீங்கள் மூடிவிட்டதாக நினைக்கிற கதவு மூடவே இல்லை.

போகாமலே இருந்தாலும் வழி உண்டு. தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வைப் பன்னிரண்டரை வயது முடிந்ததும் எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயதில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடங்கள், முடிக்க ஐந்து வருஷம், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. உங்கள் பையனுக்கு அதற்கு இன்னும் ஐந்து வருஷம் கிடக்கிறது. இன்றைய காலைப் பொழுதில் அந்தக் கவலைக்கு வேலையே இல்லை.

கலாம் ஐயா விஷயத்தில் ஒரு திருத்தம். அவர் கடற்கரையில் படித்தது ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியரிடம். பறவை எப்படிப் பறக்கிறது என்று சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. அன்று சாயங்காலமே வகுப்பு மொத்தத்தையும் கடலோரத்துக்குக் கூட்டிப்போய்ப் பறவைகளைக் காட்டியிருக்கிறார். கலாம் எத்தனையோ மேடைகளில் சொன்ன கதை இது. பிறகு ராமநாதபுரத்துக்கு வந்து ஷ்வார்ட்ஸ் பள்ளியில் சேர்ந்தார். ஆகவே பள்ளிக்கு எதிராக இந்தக் கதையை வைக்க முடியாது. ஆனால் உங்கள் பையனுக்கு என்ன குறைகிறது என்பதை அது காட்டுகிறது. தனக்குத் தெரிந்ததைப் பிள்ளைக்குக் காட்ட ஆசைப்படுகிற ஒரு வெளியாள். அம்மா எவ்வளவு முயன்றாலும் அந்த ஆளாக முடியாது.

நானும் முதல் வருஷம் உங்களைப் போலத்தான் செய்தேன். 2016இல் மகளுக்கு எட்டு வயது. மண்டபத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சிலேட்டுப் பலகை மாட்டி, மணி பார்த்துப் பாடம் நடத்தினேன். நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் நாற்பத்தைந்து நிமிஷப் பாடவேளை என்றால் ஒரு பிள்ளைக்கு ஆசிரியரிடமிருந்து கிடைப்பது ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே. நான் மூன்றரை மணி நேரம் அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்திருந்தேன். எந்தப் பிள்ளை தாங்கும்? ஒருவருக்கு ஒருவராக உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தேவைப்படுவதில்லை.

அதை மாற்றியது நான் இல்லை. பக்கத்து வீட்டு வலை முடைகிற பெரியவர். ஒருநாள் எங்கள் சத்தம் பொறுக்காமல், “அந்தப் புள்ளைய இங்கிட்டு அனுப்பும்மா, நூலு சுத்தித் தரட்டும்” என்றார். போனவள் மத்தியானம்தான் வந்தாள். கண்ணி அளவு ஏன் வலைக்கு வலை மாறுகிறது என்று எனக்குப் பாடம் எடுத்தாள். சூடைக்கு ஒன்று, நண்டுக்கு ஒன்று. பிறகு பங்குக் கணக்கு. டீசல், ஐஸ் செலவு போக மிச்சத்தில் படகுக்கு இத்தனை, வலைக்கு இத்தனை, ஆளுக்கு இத்தனை என்று அவர் சொல்லச் சொல்ல அவள் மணலில் பிரித்துப் போட்டாள். ஆறு மாதமாக நான் மல்லுக்கட்டிய பின்னம் அது.

அதற்கடுத்த வாரம் அவர் ஒரு கம்பைக் கொடுத்து, கடல் வத்துகிற இடத்தில் நட்டுத் தினமும் நேரம் குறிக்கச் சொன்னார். வடகடலோரம் நட்டாள். இரண்டு அமாவாசை வரைக்கும் குறித்தாள். கடல் வத்துகிற நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் தள்ளிப் போகிறது என்று அவளே கண்டுபிடித்தாள். நிலா தினமும் அந்த ஐம்பது நிமிஷம் தாமதமாகத்தான் எழும்புகிறது என்று அவர் சொன்னபோது, ஓடி வந்து என்னை மொட்டை மாடிக்கு இழுத்துப்போனாள். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றுக் காலத்தில் தென்கடல் பொங்க வடகடல் கண்ணாடி மாதிரிக் கிடப்பதும், வாடைக் காற்று தொடங்கினால் வடகடல் புரட்டத் தென்கடல் அடங்குவதும் அதில் தேதிவாரியாக இருக்கிறது. ஒரே ஊரில் காலையில் ஆண்கடல் என்கிற தென்கடலையும் சாயங்காலம் பெண்கடல் என்கிற வடகடலையும் நடந்தே போய்ப் பார்க்க முடிகிற பிள்ளைகள் நம் பிள்ளைகள்.

கடல் அட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘கடல் அட்டை பறிமுதல்’ என்று பேப்பரில் வந்துகொண்டே இருக்கிறதே, அதை ஏன் பிடிக்கக் கூடாது என்று கேட்டாள். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் ஒரு காலத்தில் எங்கள் மண்டபம் முகாமில்தான் இருந்தது. தலைமையகம் கொச்சிக்குப் போய்விட்டாலும் இங்கே மையம் இருக்கிறது, மீன்காட்சியகம் இருக்கிறது. அங்கே இருந்த ஒருவர் பொறுமையாக விளக்கினார். அட்டை கடலடி மணலைத் தின்று, அதிலுள்ள கழிவைச் செரித்து, சுத்தமான மணலாக வெளியே விடுகிறது என்று. 2001இல் தடை வந்ததையும் சொன்னார். வீட்டுக்கு வந்து வலைப் பெரியவரிடம் அவள் அதை ஒப்பித்தபோது அவருக்கு முகம் மாறிவிட்டது. “அட்டையை நம்பி இருந்த வீடெல்லாம் அன்னிக்கு என்ன செஞ்சுச்சுன்னு அவுககிட்டக் கேட்டியா?” என்றார். அன்று ராத்திரி சாப்பிடாமல் யோசித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் சொல்வது சரியாக இருக்க முடியுமா என்று கேட்டாள். அவளுக்கு அப்போது பத்து வயது. நான் ஆயிரம் பாடம் நடத்தினாலும் அந்தக் கேள்வி வந்திருக்காது.

ஆனால் இதே கரையில் எனக்குக் கிடைத்த அடியையும் சொல்ல வேண்டும். பாசி எடுக்கப் போகிற ஒரு அக்கா. விரலில் துணி சுற்றி, காலில் தட்டைக் கட்டிக்கொண்டு, சின்ன வயதிலிருந்து தீவுப்பக்கம் முங்கி முங்கி எடுப்பவர். என் மகளை வகுப்பு நேரத்தில் கரையில் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். “எம் மக காலேசுக்குப் போவணும்னு நான் கடல்ல கெடந்து சாவுறேன். நீ படிச்சவ. உம் மகளைப் பள்ளிக்கூடத்த விட்டு நிப்பாட்டி வச்சிருக்க. என்னத்தா இது?” என்றார். விளக்கம் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அவர் வீட்டில் பள்ளிக்கூடம் வரை போன முதல் பிள்ளை அந்த மகள். பள்ளியை விட்டு வெளியே வர முடிந்ததற்கு என்னிடம் புத்தகம் இருந்தது, நேரம் இருந்தது, திரும்பிப் போனால் பேசத் தெரிந்த வாய் இருந்தது. அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தைத் தாழ்த்தி ஒரு சொல் நான் பேசவில்லை. வாரம் மூன்று சாயங்காலம் அந்தத் தெருப் பிள்ளைகள் எங்கள் திண்ணைக்கு வர ஆரம்பித்தார்கள். என் மகளுக்குத் தோழிகள் கிடைத்ததும் அப்படித்தான். குழாயடியில் கேட்கிறார்களே, அவர்கள் எல்லோரும் உங்களைக் குத்துவதற்காகக் கேட்கவில்லை. பாதிப் பேருக்கு அது நிஜமான கவலை. “வீட்டுல படிக்கிறான், சாயங்காலம் உங்க பையனையும் அனுப்புங்க” என்று சொல்லிப் பாருங்கள்.

வருத்தம் வந்ததுண்டா என்று கேட்டீர்கள். உண்டு. கொரோனாவுக்குப் பிறகு 2021 நவம்பர் 1ஆம் தேதி ஒன்று முதல் எட்டு வரை பள்ளிகள் திறந்தன. மாஸ்க் போட்டுக்கொண்டு தெருப் பிள்ளைகள் யூனிஃபார்மில் போவதை வாசலில் நின்று பார்த்தாள். பதிமூன்று வயது. “அம்மா, நானும் போறேன்” என்றாள். நோய் முழுசாகப் போகட்டும் என்றேன். பத்து நாள் கழித்து மறுபடி கேட்டாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கொரோனா என்பது நான் சொன்ன காரணம். ஐந்து வருஷமாக நான் கட்டியதை அவள் வேண்டாம் என்கிறாள் என்றுதான் எனக்கு உள்ளுக்குள் பட்டது. 2022 ஜூனில் நானாகக் கேட்டபோது, “உங்களுக்குப் பிடிக்கலைன்னு விட்டுட்டேன்” என்றாள். ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளியில் சேர்த்தேன். இயற்கணிதம் பின்தங்கியிருந்தது. மூன்று மணி நேரம் விடாமல் எழுத அவள் கைக்குப் பழக்கமே இல்லை, பாதித் தாளில் விரல் வலித்து நிறுத்திவிடுவாள். கணக்கு டீச்சர் இரண்டு மாதம் பள்ளி விட்ட பிறகு அவளைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். 2024இல் மற்றவர்களோடு சேர்ந்து பத்தாம் வகுப்பு எழுதினாள். வீட்டில் வைத்திருந்த ஆறு வருஷத்துக்காக நான் வருந்தியதில்லை. அவள் கேட்ட பிறகு நான் பிடித்து வைத்திருந்த ஏழு மாதத்துக்காக இன்றும் வருந்துகிறேன்.

அதனால் நான் சொல்வது இதுதான். டைம்டேபிளைக் கிழித்துவிடுங்கள். இரண்டு மாதம் அவனை எதுவும் எழுதச் சொல்லாதீர்கள். “நான் முட்டாள்” என்று பக்கம் முழுக்க எழுதின கை அது, ஆறட்டும். அந்தப் பக்கத்தைப் பற்றிக் கேட்கவும் வேண்டாம். சொல்லத் தோன்றும்போது சொல்வான். ராத்திரி படுக்கும்போது நீங்கள் கதை வாசித்துக் காட்டுங்கள், அது போதும். பகலில் அவனை இரண்டு பேரிடமாவது ஒப்படையுங்கள். வலை முடைகிறவரோ, தென்னந்தோப்பில் தண்ணீர் பாய்ச்சுகிறவரோ, தையல்காரரோ, யாராக இருந்தாலும் சரி. நம்பிக்கையான ஆள்தானா என்று முதல் சில நாள் கூடவே இருந்து பாருங்கள், பிறகு விடுங்கள். மாமியாரிடமும் ஒரு வேலை கொடுங்கள். கருவாடு போடவோ பனையோலை முடையவோ தெரியாத மாமியார் நம் பக்கத்தில் குறைவு. பேரனுக்குக் கற்றுக்கொடுக்கிற கிழவி மருமகளைத் திட்டுவதற்கு நேரம் குறைந்துவிடும், நான் கண்ணால் கண்டது. அவன் வெளியே இருக்கிற அந்த நேரத்தில் நீங்கள் வீட்டு வேலை செய்யாதீர்கள். நூலகத்துக்குப் போங்கள், தூங்குங்கள், வீட்டுக்காரரிடம் போனில் பையனைப் பற்றி அல்லாத எதையாவது பேசுங்கள்.

இன்னொன்று. உங்கள் ஊர் அரசுத் தொடக்கப்பள்ளிக்கு ஒருநாள் தனியாகப் போய்த் தலைமையாசிரியரோடு பேசிவிட்டு வாருங்கள். சேர்ப்பதற்காக இல்லை, பார்ப்பதற்காக. அவனைக் காயப்படுத்தியது திருப்பூரில் ஒரு பள்ளி. எல்லாப் பள்ளியும் அப்படி இல்லை என்பது முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு மே மாதமும், “ஸ்கூலுக்குப் போறியா?” என்று அவனைக் கேளுங்கள். போகிறேன் என்றால் அந்த ஜூனிலேயே அனுப்புங்கள்.

தோற்றுவிட்டேனா என்று கேட்டிருந்தீர்கள். பிள்ளைக்கு இப்போது காலையில் வயிறு வலிக்கிறதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. நின்றுவிட்டதால்தான் எழுத மறந்தீர்கள் என்று நினைக்கிறேன்.

உச்சிப்புளியிலிருந்து மண்டபத்துக்கு பஸ்ஸில் ரொம்ப நேரம் ஆகாது. ஒரு சனிக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வருவதற்கு முன், அன்றைக்குக் கடல் எத்தனை மணிக்கு வத்தும் என்று அவனையே ஊரில் யாரிடமாவது கேட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். அந்த நேரத்துக்குக் கரைக்குப் போவோம். என் மகளும் வருவாள், கம்பும் இருக்கிறது.

அன்புடன்,
அக்கா