டேங்க் பேக் வாங்கும் முன் டேங்க்கைப் பாருங்கள்

இங்கே தென்னாப்பிரிக்காவில் ஈஸ்டர் விடுமுறை நெருங்கினாலே மோட்டார் சைக்கிள் பயணம் பற்றிய கடிதங்கள் குவிந்துவிடும். இந்தத் தடவை டேங்க் பேக் பற்றி வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெட்ரோல் டேங்க் மேல், கைக்கு எட்டும்படி மாட்டிக்கொள்ளும் பை அது. கடிதங்களை இடத்துக்கு ஏற்றபடி சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: காந்தப் பை, வார் கட்டும் பை, பெட்ரோல் மூடியைச் சுற்றி ரிங் வைத்து மாட்டும் பை என்று கடையில் மூன்று வகை காட்டினார்கள். எது நல்லது அண்ணா? மாதம் ஒரு தடவை டிராகன்ஸ்பெர்க் மலைப் பக்கம் போய்வருவேன்.
– ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: என்ன வண்டி என்று எழுதவில்லையே தம்பி! பாதி பதில் அதில்தான் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் சின்னக் காந்தம் ஒன்றை எடுத்து டேங்க்கின் நடுவிலும் இரண்டு ஓரங்களிலும் வைத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் கப்பென்று பிடித்தால் இரும்பு. விழுந்தால் அலுமினியமோ பிளாஸ்டிக்கோ. நடுவில் பிடித்து ஓரத்தில் விழுந்தால், இரும்பு டேங்க்குக்கு மேல் பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறார்கள். பையின் காந்த மடிப்புகள் அந்த ஓரங்களில்தான் உட்காரும், அதனால் இந்த மூன்றாவது ரக டேங்க்கில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

நானும் அப்படித்தான் ஏமாந்தேன். "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி ஒரு காந்தப் பை வாங்கினேன். வீட்டுக்கு வந்து மாட்டினால் பின்பக்க மடிப்பு மட்டும் பிடித்தது, முன்பக்கம் இரண்டும் தொங்கின. முதல் திருப்பத்திலேயே பை சறுக்கி என் தொடையில் சாய்ந்தது. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பை இன்னும் கராஜில் கிடக்கிறது.

இரும்பு டேங்க் என்றால் காந்தம் வசதிதான். பங்க்கில் ஒரு கையால் தூக்கிவிடலாம், பெட்ரோல் போடுபவரைக் காக்கவைக்க வேண்டாம். ஆனால் பாரம் ஏற்றினால் நகரும். வார் கட்டும் பை எந்த டேங்க்குக்கும் பொருந்தும், விலையும் குறைவு. முன் வாரை ஹேண்டிலுக்குக் கீழே, வண்டி ஃப்ரேமின் கழுத்தில் சுற்ற வேண்டும். அப்போது பிரேக் குழாயும் ஆக்சிலேட்டர் கேபிளும் அதில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரிங் விலை கூடுதல், ரிங்கைத் தனியாகவும் வாங்க வேண்டும். ஆனால் பை டேங்க்கின் பெயின்ட்டில் படாமல் சற்றே உயர்ந்து நிற்கும், 'க்ளிக்' என்று மாட்டலாம், கழற்றலாம். மாதாமாதம் போகிறீர்கள் என்பதால் ரிங் வாங்குங்கள். உங்கள் வண்டியின் மூடியில் எத்தனை ஸ்க்ரூ, எந்த வரிசையில் இருக்கிறது என்று படம் எடுத்துக் கடையில் காட்டி, அதற்கான ரிங்கையே கேளுங்கள். மாட்டும்போது மூடி பூட்டியே இருக்கட்டும். திறந்து வைத்துக்கொண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் அது டேங்க்குக்குள் விழுந்துவிடும்.

கேள்வி: பஞ்சர் கிட், ஸ்பேனர்கள், காற்றடிக்கும் பம்ப் எல்லாவற்றையும் டேங்க் பேக்கில் வைக்கலாமா? கைக்கு எட்டுமே.
– லெனேசியா வாசகர்

பதில்: கூடாது. வண்டி எங்கேயாவது மோதினால் நீங்கள் முன்னால் பாய்வது அந்தப் பையின் மேல்தான். இரும்பெல்லாம் சீட்டுக்குக் கீழேயோ பக்கப் பைக்கோ போகட்டும்.

கேள்வி: இணையத்தில் காந்த டேங்க் பேக் வாங்கினேன். என் வண்டி டேங்க் பிளாஸ்டிக் என்று பிறகுதான் தெரிந்தது. "மனம் மாறினால் பணம் திரும்பக் கிடைக்காது" என்று விற்றவர் பதில் போட்டுவிட்டார். வழி உண்டா?
– சாட்ஸ்வொர்த் வாசகர்

பதில்: ஃப்ரிட்ஜ் காந்தம் உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். பணம் கட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் ஒதுக்கியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

ஆனால் சட்டம் உங்கள் பக்கம்தான். 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டத்தின் 44ஆம் பிரிவைப் பாருங்கள். இணையத்தில் வாங்கிய பொருள் கைக்கு வந்த 7 நாட்களுக்குள், காரணமே சொல்லாமல் வாங்கியதை ரத்து செய்யலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. ரத்து செய்த 30 நாட்களுக்குள் முழுப் பணமும் திரும்ப வர வேண்டும். அவர் கடை விதி என்ன எழுதியிருந்தாலும் இந்த உரிமையை அது அழிக்காது. பொருள் எந்த நாளில் வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. 7 நாள் தாண்டவில்லை என்றால் இதைப் படித்து முடித்த கையோடு பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் பேச வேண்டாம், எழுத்தில் இருக்கட்டும்.

கேள்வி: "வாட்டர்ப்ரூஃப்" என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்த பை. கடையிலும் கேட்டுத்தான் வாங்கினேன். மழையில் மிட்லண்ட்ஸ் வழியாக அடிக்கடி போகிறவன் என்று சொன்னேன், "இது தாங்கும்" என்றார்கள். மூயி ரிவர் தாண்டுவதற்குள் உள்ளே இருந்த துணி, சார்ஜர், மாத்திரை எல்லாம் நனைந்துவிட்டன. திரும்பக் கொண்டுபோனால், "உள்ளே ரெயின் கவர் இருக்கிறதே, ஏன் போடவில்லை?" என்று என்னையே கேட்கிறார்கள்.
– பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை ஐயா. கேட்டீர்கள், சொன்னார்கள், நம்பினீர்கள்.

இந்த ஒரு வார்த்தை மேல் எனக்குப் பல வருடக் கோபம். ரெயின் கவர் போட்டால்தான் நனையாது என்றால் கவர்தான் மழை தாங்குகிறது, பை தாங்கவில்லை. அதை வாட்டர்ப்ரூஃப் என்று விற்பது பொய். அந்தக் கவரும் 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் உப்பி, படபடவென்று அடித்துக்கொண்டே வரும். வான் ரீனன் கணவாய்க் காற்றில் என்னுடைய கவர் ஒன்று கழன்று பறந்தே போயிருக்கிறது. கவரைப் போட்ட பிறகு மேல் ஜன்னலில் இருக்கும் வரைபடத்தையும் பார்க்க முடியாது. மழை வருமா வராதா என்று வானத்தைப் பார்த்துப் பார்த்து வண்டியை ஓரம் கட்டி அதை மாட்டவேண்டியது வேறு.

உண்மையிலேயே நீர் புகாத பையைக் கையில் எடுத்தாலே தெரிந்துவிடும். உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பாருங்கள். தையல் ஓட்டைகள் தெரிந்தால், அந்த ஒவ்வொரு ஊசி ஓட்டையும் தண்ணீருக்கு வாசல். நல்ல பையில் மூட்டுகளைத் தைத்திருக்க மாட்டார்கள், சூட்டில் ஒட்டியிருப்பார்கள். வாய் சாதாரண ஜிப்பாக இருக்காது, மூன்று நான்கு சுற்று சுருட்டிப் பக்கிள் போடுவதாக இருக்கும். தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று காட்டும் ஐ.பி.எக்ஸ். எண் போட்டிருந்தால் அதையும் பாருங்கள். 4 என்றால் சிதறும் தண்ணீரை மட்டும் தாங்கும். 6 என்றால் பலமாகப் பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும். எதிர்காற்றோடு அடிக்கும் மழைக்கு 6 வேண்டும். வாங்கி வந்த அன்றே பைக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கிப் போட்டு, தோட்டக் குழாயால் முன்பக்கத்திலிருந்து பத்து நிமிடம் பீய்ச்சிவிட்டுத் திறந்து பாருங்கள். தாள் காய்ந்திருந்தால் பயணத்துக்கு எடுங்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது சானி கணவாய் போன ஒரு நாளில். உச்சி 2,876 மீட்டர் உயரம், மேலே லெசோத்தோ எல்லை, பாஸ்போர்ட் இல்லாமல் போக முடியாது. ஹிம்வில் தாண்டியதும் மழை கொட்டியது. அப்போது என்னிடம் இருந்ததும் அட்டையில் "வாட்டர்ப்ரூஃப்" என்று போட்ட பைதான். எல்லைச் சாவடியில் அந்த அதிகாரி என் பாஸ்போர்ட் பக்கங்களை நகத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்தார். பழைய முத்திரைகளின் மை பக்கத்துப் பக்கத்தில் ஊறியிருந்தது. என்னை அனுப்பிவிட்டார், ஆனால் அந்தப் பாஸ்போர்ட்டைப் பிறகு மாற்றத்தான் வேண்டியிருந்தது. அன்றிலிருந்து எந்தப் பையாக இருந்தாலும் தாள்களைத் தனியாக வாயைச் சுருட்டி மூடும் ஒரு பைக்குள் போட்டுத்தான் வைக்கிறேன்.

சரி, உங்கள் பணம். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இரண்டு வழி தருகிறது. பொருள் எதற்கு என்று சொல்லி வாங்கி, அது அந்த வேலைக்கு உதவவில்லை என்றால், கைக்கு வந்த 10 வேலை நாட்களுக்குள் திருப்பித் தரலாம். அது 20ஆம் பிரிவு. அந்த நாள் தாண்டியிருந்தாலும் 56ஆம் பிரிவு இருக்கிறது. பொருள் தரமில்லை என்றால் 6 மாதத்துக்குள் பழுது பார்த்துத் தரவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். இந்த மூன்றில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது நீங்கள், கடைக்காரர் அல்ல. "நோ ரீஃபண்ட்" பலகையைக் கைகாட்டினால் பயப்படாதீர்கள். அந்தப் பலகை சட்டத்தை மீறி நிற்காது. மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு, சி.ஜி.எஸ்.ஓ. எனப்படும் நுகர்வோர் பொருள், சேவை ஓம்பட் (குறைதீர்ப்பாளர்) அலுவலகத்துக்குப் புகார் அனுப்புங்கள். கட்டணம் இல்லை. அட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அந்த "வாட்டர்ப்ரூஃப்" எழுத்துதான் உங்கள் சாட்சி.

கேள்வி: 25 லிட்டர் பை மலிவாகக் கிடைத்தது, வாங்கிவிட்டேன். திருப்பத்தில் ஹாரன் தானாக அடிக்கிறது. பை பழகினால் சரியாகிவிடுமா?
– டோங்காட் வாசகர்

பதில்: ஆகாது. ஹேண்டிலை முழுக்கத் திருப்பும்போது பை பட்டனை அமுக்குகிறது. இன்று ஹாரன், நாளைக்கு எஞ்சினை அணைக்கும் ஸ்விட்ச். மெதுவாக வண்டியைத் திருப்பும்போது எஞ்சின் நின்றால் வண்டியோடு சாய்வீர்கள். பையை நிரப்பி மாட்டி, சீட்டில் உட்கார்ந்து, ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்க்காமல் யாரும் பணம் கொடுக்கக் கூடாது. ஸ்பீடோமீட்டரும் எச்சரிக்கை விளக்குகளும் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். மலிவு என்ற ஒரே காரணத்துக்கு வாங்கினீர்கள். பாதியளவு பை ஒன்றை வாங்குங்கள், பெரும்பாலான வண்டிகளுக்கு 10 முதல் 15 லிட்டர் போதும்.

கேள்வி: அப்பாவுக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. இன்னும் வண்டி ஓட்டுகிறார், டாக்டரும் அனுமதித்திருக்கிறார். பிறந்தநாளுக்குக் காந்த டேங்க் பேக் வாங்கித் தரலாம் என்று அண்ணனும் நானும் நினைக்கிறோம்.
– வெருலம் வாசகி

பதில்: வாங்காதீர்கள் தங்கச்சி. இந்தப் பைகளில் இருப்பது பலமான காந்தம். பேஸ்மேக்கருக்கும் காந்தத்துக்கும் இடையில் குறைந்தது 15 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். ஓட்டும்போது அந்த இடைவெளி இருக்கலாம். ஆனால் பங்க்கில் பையைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பதுதானே மனித வழக்கம்? ரிங்கோ வாரோ வாங்குங்கள். அந்த ரிங் மாட்டும் வகைகளில் சிலவற்றிலும் காந்தம் வைத்திருக்கிறார்கள், அதையும் கேட்டு, கையில் ஒரு இரும்புச் சாவியை வைத்துத் தடவிப் பார்த்து வாங்குங்கள். கேட்டுவிட்டு வாங்க நினைத்தீர்களே, சந்தோஷம்.

கேள்வி: பை மேலுள்ள கண்ணாடி போன்ற பாக்கெட்டில் போனை வைத்து வழி பார்க்கிறேன். வெயிலில் போன் அணைந்துவிடுகிறது. பை பழுதா?
– கெபெர்ஹா வாசகி

பதில்: பை பழுதில்லை. ஐஃபோனை எடுத்துக்கொண்டால் 35 டிகிரி வரைக்கும்தான் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். மூடிய பிளாஸ்டிக்குக்குள் வெயில் நேரே விழுந்தால் சில நிமிடத்தில் அதைத் தாண்டிவிடும். வழியைக் காதில் குரலாகக் கேளுங்கள், போன் பைக்குள் துணிக்கு நடுவில் இருக்கட்டும். ஹேண்டிலில் போன் மாட்டும் கிளாம்ப் வாங்கலாம் என்று தோன்றினால் ஒன்று சொல்கிறேன். பெரிய எஞ்சின்களின் அதிர்வு ஐஃபோன் கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிளே 2021இல் எச்சரித்திருக்கிறது.

கேள்வி: வீட்டிலிருந்து ரொட்டியும் குழம்பும் டேங்க் பேக்கில் எடுத்துப் போகலாமா?
– ஐசிபிங்கோ வாசகர்

பதில்: ரொட்டி சரி. குழம்பு வேண்டாம்.

கேள்வி: தனியார் ஒருவரிடம் பழைய டேங்க் பேக் வாங்கினேன். அனுப்பிய படத்தில் புதிது போல இருந்தது. வந்ததைப் பார்த்தால் ஜிப் கிழிந்து, உள்பக்கமாகக் கறுப்பு நூலால் தைத்து மறைத்திருக்கிறது. கேட்டால் "வூட்ஸ்டூட்ஸ்" என்கிறார்.
– ஓவர்போர்ட் வாசகர்

பதில்: படித்ததும் வயிறெரிந்தது. 'இருக்கிறபடியே விற்கிறேன்' என்ற அந்த வார்த்தை, விற்பவருக்கே தெரியாத குறைக்குத்தான் காப்பு. தெரிந்தே தைத்து மறைத்தவருக்கு அது உதவாது. அவர் வியாபாரி இல்லை என்பதால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இங்கே எட்டாது, ஆனால் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. 20,000 ராண்ட் வரையான வழக்கை அங்கே எடுத்துக்கொள்வார்கள். வக்கீல் வைக்க முடியாது, அதனால் நீங்களும் அவரும் சமமாகத்தான் நிற்பீர்கள். முதலில் பணத்தைத் திருப்பக் கேட்டு ஒரு கடிதம் கொடுத்து 14 நாள் அவகாசம் தாருங்கள். அவர் அனுப்பிய படம், உங்களுக்குள் நடந்த செய்திகள், பணம் கட்டிய ரசீது மூன்றையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பையையும் அப்படியே வைத்திருங்கள், அந்தக் கறுப்பு நூலை மட்டும் பிரித்துவிடாதீர்கள்.