ஐந்து வயதுப் பிள்ளைக்கு ‘ஃபைண்டிங் நீமோ’வைக் காட்டலாமா?

விடுமுறைக்குக் காரைக்குடி ஆயா வீட்டில் கூடும் பிள்ளைகளுக்கு, அதிலும் ஐந்து வயதுக் கடைக்குட்டிக்கு, இப்படம் ஏற்றதா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் காட்டலாம், தொடக்கத்தில் மட்டும் பெரியவர் ஒருவர் உடனிருப்பது நல்லது.

பிக்சார் நிறுவனம் உருவாக்கி 2003இல் வெளிவந்த இந்த அனிமேஷன் படத்தின் முதல் சில நிமிடங்களிலேயே, சீலா மீன் தாக்கித் தாய்மீனும், ஒன்றைத் தவிர மற்ற முட்டைகள் அனைத்தும் பறிபோகின்றன, கொல்லும் காட்சி நேரடியாக வராவிட்டாலும், “அம்மா எங்கே?” என்ற கேள்வி நிச்சயம் வரும். அந்த இழப்பினால்தான் தந்தை மார்லின், ஒரு துடுப்பு சிறுத்துப் பிறந்த நீமோவைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறார். சிட்னிப் பல் மருத்துவரின் கண்ணாடித் தொட்டியில் மகன் சிக்கியதும், எதையும் உடனே மறந்துவிடும் டோரி என்ற மீனுடன் தேடிப் புறப்படுகிறார். (பிள்ளைகளைவிட அப்பாக்களைத்தான் படம் கூடுதலாக நெளியவைக்கும் என்பது என் கணிப்பு.) சுறா துரத்தும் இடத்தில் சின்னவர் முகத்தை மூடிக்கொண்டால், சற்று நிறுத்திவிட்டுத் தொடருங்கள்.